விதிக்கு முன் வந்த முறையீடு

வேரஞ்சை என்னும் ஊரில் புத்தர் மழைக்காலத்தைக் கழித்த ஆண்டில் அங்கே கடும் பஞ்சம் நிலவியது. பிச்சைக்குப் போன பிக்குகளுக்கு வீடுகளில் ஒன்றும் கிடைக்கவில்லை. வடநாட்டிலிருந்து குதிரைகளோடு வந்து தங்கியிருந்த வணிகர்கள், தங்கள் கையிருப்பிலிருந்து ஆளுக்கு ஓர் அளவு தானியம் கொடுத்தார்கள். பிக்குகள் அதை உரலில் இடித்து உண்டு காலம் தள்ளினார்கள். அந்த நாட்களில் ஒருமுறை தலைமைச் சீடர் சாரிபுத்தர் புத்தரிடம், முன்னைய புத்தர்களில் சிலருடைய நெறி நெடுங்காலம் நிலைத்ததும் வேறு சிலருடையது விரைவில் மறைந்ததும் எதனால் என்று கேட்டார். சீடர்களுக்கு விதிகளை வகுத்துத் தந்தவர்களின் நெறியே நிலைத்தது என்று விடை வந்தது. அப்படியானால் நம் துறவியர் சங்கத்துக்கும் இப்போதே விதிகளை வகுத்துவிடலாமே என்று சாரிபுத்தர் கைகூப்பி வேண்டினார். புத்தர் இசையவில்லை. அதற்குரிய காலத்தைத் தாம் அறிவதாகவும், சங்கத்துக்குள் மாசு தலைகாட்டும் வரையில் ஓர் ஆசிரியர் விதி வகுப்பதில்லை என்றும் சொல்லி, அவரைப் பொறுத்திருக்கச் செய்தார்.

பௌத்த ஒழுக்கத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் பஞ்சசீலத்தில் தொடங்கி எண்வழிப் பாதையில் முடித்துவிடுகிறோம். விநயபிடகத்தை யாரும் எடுப்பதில்லை. அது துறவிகளின் சட்டப் புத்தகம், இல்லறத்தானுக்கு அதில் என்ன இருக்கிறது என்ற எண்ணமே காரணம். என்னைக் கேட்டால், பௌத்தம் ஒழுக்கத்தை எப்படிப் புரிந்துகொண்டது என்பதை அறிய அதைவிடச் சிறந்த வாயில் வேறு இல்லை. இலங்கையிலும் மியன்மாரிலும் வழங்கும் தேரவாத மரபில் பிக்குகளுக்கு 227 விதிகள், பிக்குணிகளுக்கு 311 விதிகள். அவற்றுள் ஒன்றுகூடக் கட்டளையாக வானத்திலிருந்து இறங்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. யாரோ ஒரு பிக்கு ஏதோ ஒன்றைச் செய்கிறார். அதைக் கண்டவர்கள் முகம் சுளிக்கிறார்கள், குறை கூறுகிறார்கள், ஊரெங்கும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு புத்தரின் காதுக்கு எட்டுகிறது. அவர் சங்கத்தைக் கூட்டி, செய்தவரையே அழைத்து, நடந்தது உண்மையா என்று கேட்கிறார். அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் விதி பிறக்கிறது. எவருடைய செயலால் விதி வந்ததோ, அவரை அந்த விதி தண்டிப்பதில்லை. விதி இல்லாத நாளில் செய்ததற்கு விதியைக் கொண்டு தண்டனை கிடையாது என்பது அங்கே முதல் நாளிலிருந்தே உறுதியாக இருந்தது.

இதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு, மகதத் தலைநகர் இராசகிருகத்துக் குயவர் மகனான தனியர் என்ற பிக்குவின் கதை. இசிகிலி மலைச் சரிவில் அவர் புல்லும் மரமும் கொண்டு ஒரு குடிசை கட்டினார். அவர் பிச்சைக்கு ஊருக்குள் போயிருந்த நேரத்தில், புல் அறுக்கவும் விறகு பொறுக்கவும் வந்தவர்கள் அதைப் பிரித்து எடுத்துப் போய்விட்டார்கள். மூன்று முறை கட்டினார், மூன்று முறையும் அதுவே நடந்தது. தனியர் குலத்தொழிலில் தேர்ந்தவர். மண்ணைப் பிசைந்து சுவர் முழுவதையும் மண்ணாலேயே எழுப்பி, புல்லும் விறகும் சாணமும் சேர்த்து மூட்டி, குடிசையை ஒரே பானையைப் போலச் சுட்டு எடுத்தார். இந்திரகோபப் பூச்சியின் சிவப்பில் அது பார்க்க அழகாக இருந்தது. தட்டினால் கிண்கிணி ஒலித்தது. மலையிலிருந்து இறங்கிவந்த புத்தர் அதைக் கண்டு, இது என்ன என்று கேட்டார். அறிந்ததும் அவர் அழகைப் பேசவில்லை. அந்தத் தீயில் எத்தனை சிற்றுயிர்கள் வெந்திருக்கும், அவற்றின்மேல் இந்த மனிதருக்கு இரக்கம் இல்லாமல் போயிற்றே என்று சொல்லி, உடைத்துவிடச் சொன்னார். உடைக்க வந்தவர்களிடம் தனியர் காரணம் கேட்டார். ஆசிரியரின் சொல் என்றதும், அப்படியானால் உடையுங்கள் என்று ஒதுங்கி நின்றார்.

கதை அதோடு முடியவில்லை. தனியர் இம்முறை மரத்தால் வீடு கட்ட நினைத்து, அரசனின் மரக்கிடங்கைக் காத்தவரிடம் போனார். அந்த மரங்கள் நகரைப் பழுதுபார்க்கவும் ஆபத்துக் காலத்துக்கு உதவவும் சேர்த்து வைக்கப்பட்டவை. மன்னன் தமக்கு முன்பே கொடுத்துவிட்டான் என்று தனியர் சொல்ல, துறவி பொய் சொல்லமாட்டார் என்று நம்பிய காவலர் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அமைச்சன் வச்சகாரன் கிடங்கைப் பார்வையிட வந்தபோது மரம் இல்லை. காவலரைக் கட்டி இழுத்துப் போனார்கள். அதை வழியில் கண்ட தனியர், நீங்கள் போங்கள், நானும் வருகிறேன் என்று பின்னாலேயே அரண்மனைக்குச் சென்றார். நான் எப்போது கொடுத்தேன் என்று மன்னன் பிம்பிசாரன் கேட்டதும், முடிசூடிய நாளில் புல்லும் மரமும் நீரும் துறவிகளுக்கும் அந்தணர்களுக்கும் கொடுத்தோம் என்று அறிவித்தீர்களே, நினைவில்லையா என்றார் தனியர். அரசன் பொறுமையாக விளக்கினான்: அது சிறு தவறுக்கும் அஞ்சுகிற நல்லவர்களுக்காகச் சொன்னது, காட்டில் உடையவர் இல்லாமல் கிடப்பதைப் பற்றிச் சொன்னது. என் நாட்டில் வாழும் துறவியை நான் எப்படிக் கொல்வேன், எப்படிக் கட்டுவேன். உம்முடைய துறவுக்கோலம் உம்மைக் காத்தது, போய்வாரும், இனி இப்படிச் செய்யாதீர் என்று அனுப்பிவைத்தான்.

அரசன் விட்டுவிட்டான், மக்கள் விடவில்லை. அரசனையே ஏமாற்றுகிறவர்கள் மற்றவர்களை என்னதான் செய்யமாட்டார்கள், இவர்கள் எந்த முகத்தோடு உண்மையையும் ஒழுக்கத்தையும் பேசுகிறார்கள் என்று தெருவெல்லாம் கேட்டார்கள். புத்தர் சங்கத்தைக் கூட்டினார். அங்கே துறவு பூணுமுன் நீதித்துறையில் அமைச்சராக இருந்த பிக்கு ஒருவர் இருந்தார். எவ்வளவு மதிப்புள்ள பொருளைத் திருடினால் மகத மன்னன் ஒருவனைக் கட்டுவான், நாடு கடத்துவான் என்று அவரிடம் புத்தர் கேட்டார். ஒரு பாதம், அதாவது அக்காலத்து இராசகிருகத்தில் ஐந்து மாசகக் காசு, என்று விடை வந்தது. அந்த அளவே விதியானது: ஊருக்குள் எந்தக் களவுக்கு நாட்டுச் சட்டம் தண்டனை தருமோ, அந்தக் களவைச் செய்த பிக்கு அப்போதே சங்கத்தை இழக்கிறார். அருளாளராகப் போற்றப்படும் ஒருவர், அறத்தின் எல்லைக்கோட்டைப் போடுமுன் ஒரு பழைய நீதிபதியிடம் போய் நாட்டு வழக்கைக் கேட்டார் என்பது என்னை விட்டு நீங்காத செய்தி. துறவிக்கென்று தனியான, இளகிய அளவுகோலை அவர் வைக்கவில்லை. உழுது விதைத்து வாழும் மனிதர்கள் எதைக் களவு என்கிறார்களோ, அதை அவர்களுடைய சோற்றை உண்ணும் பிக்குவும் களவு என்றே கொள்ள வேண்டும் என்றார்.

மக்களின் முறையீட்டுக்கு இவ்வளவு இடம் கிடைத்ததற்கு இந்தச் சோறுதான் அடிப்படை என்று நினைக்கிறேன். பிக்கு சமைப்பதில்லை, சேமிப்பதில்லை. ஒவ்வொரு நாளும் பிறர் அடுப்பில் வெந்ததை வாங்கித்தான் உண்கிறார். ஆகவே அந்த வீட்டாரின் பார்வை அவர்மேல் நாள்தோறும் விழுகிறது. மழைக்காலத்தில் ஊர் ஊராக நடந்து பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதிக்கிறார்களே, பறவைகள்கூட மழையில் மரத்தில் கூடுகட்டி அடங்குகின்றனவே என்று மக்கள் கேட்டதால்தான் மூன்று மாத மழைக்கால உறைவு ஏற்பட்டது. பெரியவர்களைக் கேட்காமல் புத்தரின் மகன் இராகுலனுக்குத் துறவு கொடுத்தபோது தாத்தா சுத்தோதனர் வந்து, பிள்ளைப் பாசம் தோலை அறுக்கிறது, தசையை அறுக்கிறது, எலும்பை அறுத்து மஜ்ஜைவரை போகிறது என்று அழுது சொன்னார். அன்றிலிருந்து பெற்றோர் இசைவில்லாமல் எவரையும் சேர்க்கக் கூடாது என்றானது. மகன் புத்தனாகிவிட்டதால் தந்தையின் கண்ணீர் பொருளற்றது என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

பழைய இராசகிருகமான இராஜ்கீரின் வெந்நீர் ஊற்றுகளுக்கு நான் போயிருக்கிறேன். வைபார மலையடிவாரத்தில், கோயில்களுக்கு நடுவே, சுவரில் பதித்த வாய்களிலிருந்து ஆவி பறக்கும் நீர் விழுகிறது. குளிக்க வந்தவர்கள் தோளோடு தோள் இடித்து வரிசைக்காகக் காத்து நிற்கிறார்கள். பாலி நூல்கள் தபோதா என்று சொல்லும் ஊற்று இந்த மலையடியில் இருந்ததுதான். ஒருநாள் தலை முழுகவந்த பிம்பிசாரன், பிக்குகள் குளித்து முடிக்கட்டும் என்று ஒதுங்கிக் காத்திருந்தான். அவர்கள் இருட்டும்வரை குளித்தார்கள். அரசன் முழுகி முடித்தபோது நகரவாயில் சாத்தியாயிற்று. நாட்டை ஆள்கிறவன் அன்றிரவைக் கோட்டைக்கு வெளியே கழித்தான். அரசன் காத்திருப்பதைப் பார்த்தும் அளவறியாமல் குளித்தார்களே என்று கண்டித்து, அரைத் திங்களுக்கு ஒருமுறைதான் குளிக்கலாம் என்று புத்தர் விதித்தார். பிறகு கோடை வந்தது. வியர்வையில் உறங்கிய பிக்குகளின் படுக்கையும் உடையும் கெட்டன. வெயில் காலத்துக்கு விலக்குத் தந்தார். நோயுற்றவருக்கு, உடலுழைப்புச் செய்தவருக்கு, வழிநடந்தவருக்கு, புழுதிக்காற்றிலும் மழையிலும் அகப்பட்டவருக்கு என்று விலக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. சிரமம் தெரியவர, விதி தன்னைத் திருத்திக்கொண்டே போயிற்று. அதைத் திருத்தியவர் அதை விதித்த அதே ஆசிரியர்தாம்.

நான் ஒரு பள்ளி விடுதியில் காப்பாளராக இருந்தவன். அங்கே சுவரில் மாட்டியிருந்த விதிப் பலகையில் ஒன்றுக்கும் காரணம் எழுதப்பட்டிருக்கவில்லை. பிள்ளைகள் கேட்டால் சொல்ல எங்களுக்கும் தெரியவில்லை. விநயத்தைத் தொகுத்தவர்கள் காரணக் கதையை விதியிலிருந்து பிரிக்காமல் வைத்ததன் அருமை, அந்தப் பலகைக்குக் கீழே நின்ற எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

கோசல நாட்டில் சில பிக்குகள் மழைக்காலம் முழுவதும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை என்று முடிவு செய்தார்கள். பேச்சு இல்லையேல் சண்டை இல்லை என்பது அவர்கள் கணக்கு. முதலில் திரும்பியவர் இருக்கை விரித்துத் தண்ணீர் வைப்பார். தனியே தூக்க முடியாத குடத்துக்குச் சைகையால் துணை அழைப்பார். மூன்று மாதமும் பிணக்கில்லாமல் கழிந்தது. புத்தர் தங்கியிருந்த சாவத்தி நகருக்கு வந்து இதைப் பெருமையாகச் சொன்னபோது புத்தர் மகிழவில்லை. ஆடுமாடுகள் அப்படித்தான் சேர்ந்து வாழ்கின்றன, இதை நல்வாழ்வு என்கிறீர்களா என்று கேட்டார். அதன்பின் வந்ததுதான் பவாரணை. மழைக்கால இறுதியில் ஒவ்வொரு பிக்குவும், மூத்தவர் உட்பட, சங்கத்தின் முன் குந்தி அமர்ந்து, என்னிடம் கண்டதோ கேட்டதோ ஐயுற்றதோ ஏதேனும் இருந்தால் என்மேல் இரக்கம் கொண்டு சொல்லுங்கள், குற்றமென்று உணர்ந்தால் திருத்திக்கொள்வேன் என்று மும்முறை வேண்ட வேண்டும். ஒழுக்கம் என்றால் தன்னைத் தானே அடக்கி ஒரு மூலையில் இருப்பது என்று நினைக்கிறவர்களுக்கு இந்த ஏற்பாடு கசப்பாக இருக்கும். தன் குற்றம் தன் கண்ணுக்குத் தெரியாது, அருகில் வாழ்பவன் கண்ணுக்குத் தெரியும் என்ற எளிய உண்மையின்மேல் இது நிற்கிறது. அரைத் திங்களுக்கு ஒருமுறை வரும் உபோசத நாளில், விதிகளின் தொகுப்பான பாதிமோக்கத்தை ஓதும்போதும், ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஓதுபவர் நிறுத்தி, இவற்றில் நீங்கள் தூயவர்களா என்று மூன்று முறை கேட்பார். அங்கே மௌனம் தூய்மையை அறிவிக்கும் வாக்குமூலமாகக் கொள்ளப்படும்.

இல்லறத்தாரின் ஐந்து சீலங்களும் இதே மனப்போக்கில் பிறந்தவைதாம். கொல்லாமை, திருடாமை, தவறான காமம் நீக்கல், பொய்யாமை, மயக்கும் மதுவைத் தவிர்த்தல் ஆகிய ஒவ்வொன்றையும் ஒருவர், இந்தப் பயிற்சியை மேற்கொள்கிறேன் என்று தன் வாயால் சொல்லி ஏற்கிறார். யாரும் விதிப்பதில்லை. வழுவினால் மறுபடி ஏற்கலாம். 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் கொழும்புக்குச் சென்று சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் ஏற்று, சென்னை திரும்பிச் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியபோது, பிறப்பை ஒதுக்கி ஒழுக்கத்தைக் கொண்டே மனிதனை அளக்க வேண்டும் என்ற அவருடைய வாதத்துக்கு இந்தச் சீலமே அடித்தளமாக இருந்தது. நம் மணிமேகலையில் அறவண அடிகள் தீவினைகளைப் பத்தாக வகுத்துச் சொல்கிறார்: கொலை, களவு, காமத் தீவிழைவு ஆகிய மூன்றும் உடலில் தோன்றுவன, பொய், குறளை, கடுஞ்சொல், பயனில்சொல் ஆகிய நான்கும் சொல்லில் தோன்றுவன, வெஃகல், வெகுளல், பொல்லாக் காட்சி ஆகிய மூன்றும் உள்ளத்தில் தோன்றுவன. பத்தில் நான்கு நாவுக்கே போய்விட்டன. நம் நாட்களில் ஒருவர் மற்றவருக்குச் செய்யும் தீங்கில் பெரும்பகுதி கைப்பேசித் திரையில் எழுத்தாக ஓடுவதைப் பார்க்கும்போது, அந்தப் பங்கீடு எவ்வளவு சரியானது என்று வியக்கிறேன்.

சிறுவன் இராகுலனுக்குப் பொய்யைப் பற்றிப் புத்தர் சொன்னதும் இங்கே நினைக்கத்தக்கது. கால் கழுவிய பாத்திரத்தில் சிறிது நீரை மீத்துக் காட்டி, அறிந்தே பொய் சொல்ல வெட்காதவரிடம் துறவு இவ்வளவுதான் இருக்கிறது என்றார். அதைக் கொட்டிக் காட்டினார், கவிழ்த்துக் காட்டினார், வெறுமையாக நிமிர்த்திக் காட்டினார். பிறகு, கண்ணாடி எதற்கு என்று கேட்டார். பார்ப்பதற்கு என்றான் பையன். அப்படியே ஒவ்வொரு செயலையும் செய்யுமுன், செய்யும்போது, செய்த பின் பார். அது உனக்கோ பிறர்க்கோ இருவர்க்குமோ துன்பம் தருமானால் விடு. செய்துவிட்டிருந்தால் ஆசிரியரிடமோ உடன் வாழ்வோரிடமோ வெளிப்படச் சொல் என்றார். அசோகன் பைராட்டில் பொறித்த கல்வெட்டில், பிக்குகளும் இல்லறத்தாரும் அடிக்கடி கேட்டுச் சிந்திக்க வேண்டும் என்று தான் விரும்பும் ஏழு உரைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறான். பொய்யைப் பற்றி இராகுலனுக்குச் சொன்ன அறிவுரை அவற்றுள் ஒன்று. ஒரு பேரரசன் தன் மக்களுக்காகத் தேர்ந்தெடுத்தது, ஒரு சிறுவனுக்குச் சொன்ன பாடம்.

இதை எழுதும்போது, அப்படியானால் இலங்கையில் நடந்ததற்கு என்ன சொல்கிறாய் என்று தமிழ் வாசகர் கேட்பார், கேட்க வேண்டும். 1959 செப்டம்பரில் பிரதமர் பண்டாரநாயக்காவைச் சுட்டவர் காவியுடுத்த ஒரு பிக்கு. இனப்பகையை மேடையேறி வளர்த்த பிக்குகளையும் அந்நாடு கண்டது, மியன்மாரும் கண்டது. இதற்கு வெளியிலிருந்து தீர்ப்பு எழுத வேண்டியதில்லை, விநயமே எழுதி வைத்திருக்கிறது. மனிதனைத் தெரிந்தே கொன்ற பிக்கு அந்தக் கணமே பிக்கு அல்லர்; அவரை நீக்க ஒரு கூட்டமும் தேவையில்லை. தன் கையால் கொல்வது மட்டுமல்ல, ஆள் தேடிக் கொடுப்பதும், கொல்லும்படி பிறரை ஏவி அந்த ஏவலால் ஒருவர் இறப்பதும் அதே விதிக்குள் அடங்கும். அறியாமல் நேர்ந்ததற்கு அங்கே குற்றமில்லை, எண்ணமே அளவுகோல். ஆகவே, நாட்டுக்காகச் செய்தேன், சமயத்துக்காகச் சொன்னேன் என்ற விடைக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. சீலம் தோற்றுவிட்டது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. சீலத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் அதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவில்லை. பவாரணை நாளில் சொல்லப்பட்டிருக்க வேண்டிய சொற்கள் சொல்லப்படவில்லை. அந்த மௌனத்துக்கு நம் மக்கள் கொடுத்த விலையை நான் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது.

புத்தர் மறையுமுன், விரும்பினால் சிறு விதிகளைச் சங்கம் நீக்கிக்கொள்ளலாம் என்று அணுக்கச் சீடர் ஆனந்தரிடம் சொல்லியிருந்தார். எவை சிறு விதிகள் என்று ஆனந்தர் கேட்டு வைக்கவில்லை. அவர் மறைந்த பின் இராசகிருகத்தில் கூடிய பிக்குகளின் முதல் பேரவையில், நாவிதர் குலத்தில் பிறந்த உபாலி விநயத்தை ஓதி முடித்த பின் இந்தக் கேள்வி எழுந்து, ஆளுக்கு ஒரு கருத்துச் சொன்னார்கள். மூத்த சீடர் மகாகாசியபர் எழுந்து, ஒன்றையும் நீக்கவும் வேண்டாம், புதிதாகச் சேர்க்கவும் வேண்டாம் என்று தீர்மானம் வைத்தார். நம் விதிகள் இல்லறத்தாருக்கும் தெரியும். இப்போது நீக்கினால், ஆசிரியரின் சிதைப்புகை இருந்தவரைதான் இவர்களுடைய ஒழுக்கம் இருந்தது என்று பேசுவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். மக்களின் சொல்லுக்கு மதிப்புத் தரும் பழைய வழக்கம்தான் அங்கேயும் பேசியது. ஆனாலும் அந்தத் தீர்மானம் விதிகளைக் காப்பாற்றி, விதி செய்யும் முறையை அன்றோடு நிறுத்திவிட்டது என்றே எனக்குப் படுகிறது.

அதன் சுமையை அதிகம் தாங்கியவர்கள் பெண்கள். இலங்கையில் 11ஆம் நூற்றாண்டளவில் பிக்குணிச் சங்கம் அழிந்தது. ஒரு பெண்ணுக்கு உபசம்பதை, அதாவது முழுத் துறவு, தரப் பிக்கு, பிக்குணி ஆகிய இரு சங்கங்களும் வேண்டும் என்பது விதி. பிக்குணிகளே இல்லாதபோது புதிய பிக்குணி எப்படி வருவார் என்று சொல்லிப் பல நூற்றாண்டுகள் கதவு சாத்தியே இருந்தது. 1996இல் சாரநாத்திலும் 1998இல் புத்தகயையிலும் கிழக்காசிய மரபுத் துறவிகளின் துணையோடு இலங்கைப் பெண்கள் உபசம்பதை பெற்றார்கள். அது செல்லாது என்று வாதிடுவோர் இன்றும் விதியின் எழுத்தைக் காட்டுகிறார்கள். அவர்கள் காட்டும் அதே நூலில் அவந்தி நாட்டுச் சோணரின் கதையும் இருக்கிறது. உபசம்பதைக்குப் பத்துப் பிக்குகள் வேண்டும் என்பது விதி. பிக்குகள் அரிதான அந்தத் தென்திசை நாட்டில் பத்துப் பேரைத் திரட்ட அவருடைய ஆசிரியர் மகாகச்சானருக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. சோணர் சாவத்திக்கு நடந்து சென்று, ஆசிரியரின் சார்பில் இதைப் புத்தரிடம் எடுத்துச் சொன்னார். அங்கே மண் கரியது, மாட்டுக் குளம்புகள் மிதித்து இறுகியது, மக்கள் நீராடலைப் பெரிதாக மதிப்பவர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார். எல்லைப்புற நாடுகளில் விநயம் அறிந்த ஒருவர் உட்பட ஐந்து பேர் போதும், பல அடுக்குச் செருப்பு அணியலாம், நாள்தோறும் குளிக்கலாம் என்று புத்தர் இசைந்தார். ஆள் கிடைக்காத நாட்டுக்காக ஆள்தொகையைப் பாதியாக்கியவர், ஆளே இல்லாமல் போன பிக்குணிச் சங்கத்துக்காக வந்த முறையீட்டைக் கேட்டிருந்தால் மறுத்திருப்பார் என்று அந்த நூலை முழுதும் படித்த எவராலும் சொல்ல முடியுமென்று நான் நம்பவில்லை.